மங்களம் போட்டாச்சா?

கன்னியம்மாவைக் கொன்ற கார் சறுக்கியதற்குக் காரணம் நான். அன்று அந்தக் காரை ஓட்டியவன் நானல்ல, என் சிநேகிதன் சாதிக். பழியை அவன் சுமக்கிறான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைச் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்லியாகிவிட்டது... ஒன்றும் இறங்கவில்லை. சரி, மிச்சத்தையும் கேளுங்கள்.

ராயபுரத்தில் சரக்குக் கப்பல் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளிக்கு நான் கார் ஓட்டுகிறேன். டிரைவர் வேலை என்றால் ஓட்டுகிற வேலை என்று நினைப்பீர்கள். அது காத்திருக்கிற வேலை. துறைமுக வாசலில், பேங்க் வாசலில், கல்யாண மண்டப வாசலில்... காத்திருந்த நேரமெல்லாம் வாடகை நூலகத்துக் கதைப் புத்தகங்களைப் படித்துத் தள்ளினேன். இந்தத் தமிழ் அதில் வந்தது. என் திமிரும் அதில்தான் வந்தது.

மற்ற டிரைவர்கள் எனக்கு வைத்த பேர் வாத்யார். கோர்ட் சம்மன் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். பிள்ளைக்கு மருந்து வாங்கினால் எத்தனை வேளை என்று என்னிடம் கேட்பார்கள். தெரிந்தால் சொல்வேன், தெரியாவிட்டாலும் சொல்வேன். 'எனக்குத் தெரியாதுப்பா' என்கிற வார்த்தை மட்டும் என் வாயில் வந்ததே கிடையாது. உங்களுக்கு வருமா? வருமென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

சாதிக் எங்கள் கம்பெனியின் இன்னொரு டிரைவர். நான் வியாசர்பாடி, அவன் பழைய வண்ணாரப்பேட்டை. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தோம். வண்டி ஓட்டுவதில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் கியர் மாற்றுவது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. 'சாதிக் ஓட்டினா எனக்குத் தூக்கம் வந்துடுது' என்று முதலாளியம்மாவே சொல்வார். அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன்?

முதலாளி ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். டை கட்டிய ஷோரூம்காரர் ஒருவர் அதைக் கொண்டுவந்து விட்டார். எங்கள் இருவரையும் முன் ஸீட்டில் உட்காரவைத்து, பின்னாலிருந்து எட்டி ஒவ்வொரு சுவிட்சாக விளக்கினார். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

"ஈர ரோட்டுல வண்டி சறுக்கப் பாத்தா, உள்ள இருக்கற கம்ப்யூட்டரே ஒவ்வொரு வீலுக்கும் தனித்தனியா பிரேக் போட்டு வண்டியை நேரா கொண்டுவந்துடும். டிரைவர் ஒண்ணும் பண்ண வேணாம். அதுக்கான சுவிட்ச் இதுதான்" என்று ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு குட்டிக் கார், அதன் பின்னால் பாம்பு போல இரண்டு கோடு.

அதற்குள் முதலாளி அவரைக் கூப்பிட்டுவிட்டார். "மீதி உங்களுக்கே தெரியும் இல்ல?" என்று கேட்டபடி இறங்கினார்.

"தெரியும் சார்" என்று தலையாட்டினேன்.

எனக்கு என்ன தெரியும்? பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான் தெரியும். வீட்டில் சுவிட்சைப் போட்டால் பல்பு எரிகிறது. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இறங்கிப் போனவரை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாதிக் பக்கத்தில் இருந்தானே... அவன் முன்னால் எப்படிக் கேட்பது?

அந்தக் காருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்த விளக்கு தானாக அணைந்திருக்கும். நாம் மறுபடி அமுக்க வேண்டும்.

"இன்னா வாத்யாரே, டெய்லி மறந்து பூடுது?" என்று சாதிக் கேட்டான்.

"பணக்கார வூட்டு வண்டி. எல்லாத்தையும் நம்மதான் ஞாபகப்படுத்தணும்" என்றேன்.

காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், சாவியைத் திருகுவேன், பொத்தானை அமுக்குவேன். சாமி கும்பிட்ட கையோடு அதையும் செய்தேன். ஆயுத பூஜைக்கு எல்லாச் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தபோது அந்தப் பொத்தானுக்கும் சந்தனம் வைத்தேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

சாதிக்குக்குச் சந்தேகம் வந்தது. ஆமாம், அவனுக்கு வந்தது... அதுதான் என்னைத் தின்கிறது.

காசிமேட்டில் ஒரு டீக்கடை. ஏழெட்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தோம். டீயை ஆற்றியபடி சாதிக் சொன்னான்: "வாத்யாரே, ஒரு டவுட்டு. ஆயில் லைட்டு எரிஞ்சா பேஜாரு. ஹேண்ட்பிரேக் லைட்டு எரிஞ்சா பேஜாரு. இது மட்டும் எரிஞ்சா எப்டி நல்லதாவும்?"

எவ்வளவு சரியான கேள்வி! எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு நொடி எனக்கும் உள்ளே ஏதோ இடறியது. ஆனால் வாத்யாரிடம் கேள்வி கேட்டாகிவிட்டது, பதில் வர வேண்டுமே.

"டேய், அதெல்லாம் செவப்பு. இது மஞ்ச. மஞ்சன்னா மங்களம்டா" என்றேன்.

கடையே சிரித்தது. சாதிக்கும் சிரித்தான். "சர்தான் வாத்யாரே, மங்களம்னா மங்களம்தான்" என்றான். அன்றிலிருந்து எங்களுக்குள் அந்தப் பொத்தானுக்குப் பெயரே மங்களம். சாவி கை மாறும்போதெல்லாம், 'மங்களம் போட்டாச்சா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

விபத்து நடந்த அன்று என் மைத்துனிக்கு வளைகாப்பு. நான் லீவு. முதலாளியை எண்ணூருக்கு சாதிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. காலையில் வானம் மூடிக்கொண்டு வந்தது. பந்தலிலிருந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"மழை வர்ற மாரி கீது. மங்களம் போட்டாச்சா?"

"போட்டுட்டேன் வாத்யாரே. நீ போய் அஞ்சு வகை சோறு துன்னு."

அக்கறையில்தான் கேட்டேன். நம்புங்கள், அன்று நான் அவனுக்கு நல்லதே நினைத்தேன்.

முதலாளியை எண்ணூரில் இறக்கிவிட்டு, துறைமுகத்திலிருந்து ஒருவரை அழைத்துவர சாதிக் தனியாகத் திரும்பினான். திருவொற்றியூரை நெருங்கும்போது தூறல் விழுந்தது. கண்டெய்னர் லாரிகள் நாள் முழுக்கச் சிந்திய எண்ணெயும் தூசியும் கிடக்கும் ரோட்டில் முதல் தூறல் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. சாதிக் பிரேக்கைப் போட்டு இடது பக்கம் திருப்பினான். காரின் முன்பக்கம் லாரியில் மோதாமல் தப்பித்துவிட்டது. பின்பக்கம் மட்டும் தன் போக்கில் சுற்றிக்கொண்டு போனது.

ரோட்டோரத்தில் மீன் விற்கிற கன்னியம்மா நின்றிருந்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலையில் போட்டுக்கொள்ள பிளாஸ்டிக் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவளுக்கு இரண்டு பெண்கள்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் சாதிக் உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "கை தப்பிப் போச்சு வாத்யாரே" என்றான்.

அதுவரைக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. பாவம் அவன், விதி என்று நினைத்தேன்.

கார் ரிப்பேராகி வந்தது. ஒர்க் ஷாப் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். பழக்கதோஷத்தில் பொத்தானை அமுக்கினேன்.

"ஏன்ணா ஆஃப் பண்றீங்க?" என்று கேட்டார் அவர்.

"ஆஃப் இல்ல தம்பி, ஆன்."

"இல்லண்ணா. அது எரிஞ்சா ஆஃப். வண்டி ஸ்டார்ட் பண்ணதும் சறுக்காம புடிக்கற கம்ப்யூட்டர் தானா ஆன் ஆயிடும். சேத்துல, மணல்ல மாட்டிக்கினா வெளிய வர்றதுக்குத்தான் இந்த சுவிட்ச். மத்தபடி தொடவே வேணாம்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "அது ஆன்ல இருந்தா மழையில சறுக்காதா?" என்று கேட்டேன்.

"சறுக்கவே சறுக்காதுன்னு சொல்ல முடியாதுண்ணா. ஆனா பெரும்பாலும் புடிச்சி நிறுத்திடும்."

சொல்ல முடியாது... அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ நாள் தூங்கப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த வார்த்தை எழுப்பிவிடும். பெரும்பாலும்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கார் ஒவ்வொரு காலையும் தானாகவே எங்களைக் காப்பாற்றத் தயாராகி நின்றது. ஒவ்வொரு காலையும் நான் அதைத் தடுத்தேன். தடுக்கச் சொல்லி சாதிக்குக்கும் கற்றுக்கொடுத்தேன். போதாததற்குப் போன் போட்டு ஞாபகப்படுத்தினேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? கேஸ் நடக்கிறது, நானும் மாட்டுவேன் என்று பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேஸ் முடிந்தது. திடீரென்று நின்ற லாரி, மழை என்று சொல்லி சாதிக்கைக் கோர்ட் விட்டுவிட்டது. அதற்கப்புறமும் நான் வாய் திறக்கவில்லையே... அப்போது எதற்குப் பயந்தேன்?

கேவலமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். டீக்கடைக்குப் பயந்தேன். 'மஞ்சன்னா மங்களம்னு சொன்னானே வாத்யாரு' என்று அவர்கள் சிரிப்பார்களே என்று பயந்தேன். இந்தச் சின்ன வெட்கத்துக்காக ஒரு மனுஷனைக் கொலைகாரன் என்று தன்னையே நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டேன்.

கோர்ட் விட்டது, சாதிக் தன்னை விடவில்லை. அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மாத்தூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். லாரி வந்தால் கேட்டைத் திறப்பான், போனால் மூடுவான். அவ்வளவு நன்றாக ஓட்டியவன்...

போன மாதம் அவன் மகள் ஆயிஷா என்னைத் தேடி வந்தாள். மணலியில் ஒரு ஆபீஸில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றால் சாதிக் விடமாட்டேன் என்கிறானாம்.

"நம்ம வூட்டுக் கை வண்டிக்கு ஆவாது, செத்தது ஒருத்தரோட போவட்டும்னு சொல்லுது அத்தா. நீங்க சொல்லுங்க பெரியப்பா. அத்தாவுக்கு உங்க பேச்சுன்னா பேச்சுதான்" என்றாள்.

இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷனில்லை என்று கிளம்பினேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அது எரிஞ்சா ஆஃப், சாதிக்.

யார்டு வாசலில் தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தான். தாடி நரைத்திருந்தது. யார்டுப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னான். நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"சாதிக்... அந்தக் கார்ல மஞ்ச லைட்டு ஒண்ணு..."

"அதத்தான் வாத்யாரே நானும் நெனச்சிகினே இருப்பேன்" என்று குறுக்கே பேசினான். "அன்னிக்கு மங்களம் எரிஞ்சிகினுதான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அது இல்லாம வண்டி சுத்திச்சின்னா, சரி, ஈர ரோடுன்னு மனச தேத்திக்கலாம். அது எரிஞ்சிகினு இருக்கசொல்லவே சுத்திச்சின்னா, என் கை இன்னா கையி? நீயே சொல்லு. வண்டி காப்பாத்தப் பாத்துச்சு. நீ போன் போட்டுக் காப்பாத்தப் பாத்த. நான்தான் அந்தம்மாவை..."

கையை என் முன்னால் நீட்டினான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. அது எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவன் எழுந்துபோய் கேட்டைத் திறந்துவிட்டு வந்தான்.

"இன்னாமோ சொல்ல வந்தியே?"

"ஆயிஷாவுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் குடேன்" என்றேன்.

"வாணாம் வாத்யாரே. அவ கையும் என் கைதான? நீயே படிச்சவன், உனக்குத் தெரியாதா?"

நான் தலையாட்டினேன். 'தெரியும் சார்' என்று அன்று ஆட்டினேனே, அதே மாதிரி.

உங்களிடம் சொல்ல முடிந்ததை அவனிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் என்னை வாத்யாரே என்று கூப்பிட்டதில்லை.

இன்றும் அதே காரைத்தான் ஓட்டுகிறேன். பொத்தானைத் தொடுவதில்லை. இன்று காலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பழைய வண்ணாரப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் ஆயிஷா குடையைப் பிரித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டிப் போகும்போது போன் அடித்தது. மழை வரும்போதெல்லாம் சாதிக் எனக்குப் போன் போடுவான், ஒரு தடவைகூட மறந்ததில்லை.

"வாத்யாரே, மழை வர்ற மாரி கீது. மங்களம் போட்டாச்சா?"

"போட்டுட்டேன்" என்றேன்.