பூஜையில் வைத்த பாஸ்போர்ட்

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே திருட்டு, அம்மாவின் பாஸ்போர்ட்டை எடுத்ததுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் செய்ததால் கைகூட நடுங்கவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்ததை உருவி, சமூக அறிவியல் புத்தகத்துக்குள் செருகி, பையை மாட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மா மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வேலைக்குப் போயிருந்த அப்பா அவளைக் கல்யாணம் செய்து திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தார். பத்து வருடம் ஆகியும் அவள் இந்த ஊர்க்காரி ஆகவில்லை. காகிதக் கணக்கைச் சொல்கிறேன். மற்றபடி குழாயடியில் அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. ஆனால் வருடா வருடம் விசாவை நீட்டித்தாக வேண்டும். 'இவள் என் மனைவி, என்னோடுதான் இருக்கிறாள்' என்ற கடிதத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். லேத்துப் பட்டறையிலிருந்து வந்து, கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அம்மா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போடுவார். அப்பா கையெழுத்துப் போட்டால் அம்மா ஒரு வருடம் இருக்கலாம் என்று நான் புரிந்துவைத்திருந்தேன்.

பிறகு இருவரும் பிரிந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். நான் அம்மாவிடம் வளர வேண்டும், பண்டிகை விடுமுறைக்கு அப்பாவிடம் போக வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நானும் அம்மாவும் சின்னாளப்பட்டியில் ஒரு மாடி அறைக்குக் குடிபோனோம்.

மனைவி என்ற காரணம் போய்விட்டதால், அம்மா இங்கே தங்குவதற்கு மிச்சமிருந்த காரணம் நான் ஒருத்திதான். இந்தியக் குழந்தை அவள் பொறுப்பில் இருக்கிறது என்ற தீர்ப்பின் நகலை வைத்து விசா கேட்கலாம் என்று வக்கீல் சொன்னார். பழைய விசா முடிவதற்குள் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து இணையத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். தவறினால் ஊரைக் காலி செய்யச் சொல்வார்கள். அவள் போய்விட்டால் நான் அப்பாவிடம் போவேன். நீதிமன்றத்தில் நகல் கிடைக்க இழுத்தடித்து, கடைசியில் அது கைக்கு வந்தபோது இரண்டே நாள்தான் மிச்சம். முதல் நாள் மற்ற காகிதங்களைச் சேர்ப்பதிலேயே போனது. இரண்டாவது நாள் சரஸ்வதி பூஜை.

இதெல்லாம் பின்னால் எனக்குத் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்தது, அம்மா சோறு இறங்காமல் காகிதங்களை அடுக்கி அடுக்கிப் பார்க்கிறாள், அப்பாவிடம் மட்டும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை என்பதுதான். பெரியவர்கள் மறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அதனால்தான் அன்று சாயங்காலம் பூஜை விடுமுறைக்கு அப்பா வீட்டுக்குக் கிளம்பியபோது பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டேன்.

பூஜையன்று காலையில் பட்டறையில் ஆயுதங்களையெல்லாம் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர்களும் சுத்தியல்களும் ஒரு பக்கம், என் பாடப்புத்தகங்கள் ஒரு பக்கம். பாஸ்போர்ட்டைப் புத்தகத்தோடு அப்படியே வைத்தேன். சாமியிடம் ஒருநாள் இருந்துவிட்டு, மறுநாள் அப்பா கையெழுத்தும் விழுந்தால் இரண்டு வருடத்துக்குத் தாங்கும் என்பது என் கணக்கு. படைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். இதில் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, ரொம்பக் கறார்.

ஆனால் அன்று மதியமே தண்ணீர் டிராக்டர் ஒன்று தெருமுனையில் நின்றுபோய், டிரைவர் வந்து வாசலில் நின்றார். அப்பா படையலிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனார். "ஆத்திர அவசரத்துக்குச் சாமி கோவிச்சுக்கிராது," என்றாள் அத்தை.

நாலு மணி சுமாருக்கு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அம்மா. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை. அந்த வீட்டுக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று புகார் போவது நிச்சயம், வெளிநாட்டுக்காரிமேல் ஒரு வழக்கு விழுந்தால் விசா அவ்வளவுதான் என்று வக்கீல் எச்சரித்திருந்தார். இதுவும் பின்னால் தெரிந்ததே. ஏன் வெயிலில் நிற்கிறாள் என்று எனக்கு அன்று கோபம்தான் வந்தது.

"வீடு பூராத் தேடிட்டேன், இங்கதான் வந்திருக்கணும். என் பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க," என்றாள் அப்பாவிடம்.

"நான் எதுக்கு எடுக்கப் போறேன்? சும்மா எம்மேல பழி போடாத."

"இன்னைக்கோட விசா முடியுது. நெட் சென்டர்ல அஞ்சு மணிக்குப் பூஜை போட்டு கம்ப்யூட்டர அணைச்சுருவாங்க. கையெடுத்துக் கும்புடுறேன், குடுத்துருங்க."

அம்மா யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "எம் புத்தகத்துக்குள்ள இருக்கு," என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்குத்தா எடுத்த?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க கையெழுத்துப் போடணும்ல."

அத்தை படையலுக்கு முன்னால் வந்து நின்றாள். "சாமிக்கு வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாது. நாளைக்கு மறுபூஜை முடிஞ்சதும் வாங்கிட்டுப் போகச் சொல்லு."

அப்பா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் மணி பார்த்து நான் கண்டதில்லை.

"அக்கா சொல்றதும் சரிதான்," என்றார் கடைசியில். "காலையில நானே கொண்டாந்து தாரேன்."

"நாளைக்கு அது வெறும் அட்டை. தெரிஞ்சுதான சொல்றீங்க?" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. கேட் கம்பி மட்டும் கடகடவென்று ஆடியது.

நாளைக் காலைக்கும் இன்றைக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் கம்பி ஆடுவது நிற்கவில்லை. "மத்தியானம் ஸ்பேனர எடுத்தீங்களேப்பா?" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை வாயைத் திறந்து மூடினாள். அந்த இடைவெளியில் நான் அவளுக்குப் பக்கவாட்டில் புகுந்து புத்தகத்தை உருவினேன். அடுக்கு மொத்தமும் சரிந்து, பொரியும் கடலையும் கூடமெங்கும் சிதறின. "அடிப்பாவி மகளே, இனிமே ஒனக்குப் படிப்பு வருமாடி?" என்ற அத்தையின் குரல் முதுகில் விழ, செருப்பில்லாமல் ஓடிக் கம்பிக்கு நடுவே நீட்டினேன்.

அம்மா வாங்கினாள். அட்டையில் அப்பியிருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்து, பக்கங்களைப் புரட்டி முத்திரையைச் சரிபார்த்தாள். என் தலையைக்கூடத் தொடாமல் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்காகச் சாமியையே பகைத்துக்கொண்ட எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது நெட் சென்டர்க்காரர் கற்பூரத்தைத் தட்டில் வைத்துவிட்டாராம். இவள் முகத்தைப் பார்த்துத் தீப்பெட்டியைக் கீழே வைத்திருக்கிறார். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அம்மா இன்றும் என்னோடுதான் இருக்கிறாள்.

நான் உள்ளே வந்தபோது அத்தை அடுப்படிக்குப் போய்விட்டிருந்தாள். அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சரிந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். கணக்குப் புத்தகத்தில் ஒட்டியிருந்த பொரியை விரலால் தட்டிவிட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சாமி கோவிச்சுக்கிருமாப்பா?"

"ஒம்மேல கோவிச்சுக்கிராதுத்தா," என்றார். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைக்காமல் அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

பூஜை கலைந்து எனக்குப் படிப்பு வராமல் போய்விடும் என்று பயந்துதான் அப்பா அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து, "நான் நல்லாப் படிப்பேன்ப்பா, அழுகாதீங்க," என்றேன்.