நீர்க்காகத்தின் முகம்

இன்று காலை மீன்பிடிப் பாலத்தில் நின்று தூண்டிலுக்குக் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாடைக்கு ஒரு நீர்க்காகம் வந்து பக்கத்துத் தூணில் இறங்கியது. இந்த நாட்டில் அதை ஷாக் என்கிறார்கள். கத்தியை வைத்துவிட்டு, கிட்டப் போய் அதன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே வெள்ளை. சொண்டு மஞ்சள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பறவை ஆராய்ச்சி செய்தால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

கணவாய் வாடை என்றால் எனக்கு, கூட வேலை செய்த சூசையின் கார்தான். பின் இருக்கையில் எந்நேரமும் ஒரு கணவாய் வாளி இருக்கும். நாங்கள் குடியிருந்த நோபல் பார்க்கிலிருந்து அந்தக் காரில் வேலைக்குப் போய் இறங்கினால், சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். எனக்கு அதுவும் வசதிதான். ஆங்கிலத்தில் பேசும் தொல்லை இல்லை. தமிழிலும் என் பங்குப் பேச்சைச் சூசையே பேசிவிடுவான். இருவரும் மன்னார். அவன் மனைவி ஜெசிந்தா இன்னும் ஊரில்தான் இருந்தாள். விசா சரிவந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான்.

ஊரில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நீர்க்காகம் எந்தக் கல்லில் ஆறுதலாக நிற்கிறதோ, அங்கே அலை ஏறாது என்று நம்பி இறங்குவோம். எங்களுடையது ஆழமில்லாத கடல். இந்தப் பாலம் நிற்கிற விரிகுடாவிலும் அந்தக் கணக்குப் பொய்க்கவில்லை. சூசைக்கு அது வேதவாக்கு.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, பெருங்கடல் பக்கத்துப் பாறைக் கரைக்குப் போனோம். காற்றே இல்லை. கடல் சத்தமில்லாமல் உயர்ந்து தாழ்ந்தது, ஏதோ பெரிய உடம்பு நித்திரையில் மூச்சு விடுவதுபோல. பாறையின் கீழ்த்தட்டில் நாலைந்து நீர்க்காகங்கள் நின்றன. விரிகுடாவில் கண்ட அதே கறுப்பு முதுகு, அதே வெள்ளை வயிறு.

"பாத்தியே, எங்கட ஆக்கள் நிக்கினம். இறங்கு" என்றான் சூசை.

தட்டு முழுக்க ஈரம். பறவைகள் நிற்கிற இடத்தில் எச்சம்கூட ஒட்டியிருக்கவில்லை. எனக்குக் கால் எழவில்லை.

"மச்சான், இதுகளிட முகம் கறுப்பாக் கிடக்கு..."

"நீ என்ன, பொம்பிளை பாக்கவே வந்தனி? முகம் எப்பிடி இருந்தா என்னடா!"

நானும் சிரித்தேன். கண்ணைத் தாண்டியும் கறுப்பு, சொண்டும் கறுப்பு, இது வேறு இனம் என்று சொல்ல நாக்குவரை வந்தது. கூச்சம் விடவில்லை. பிழையாகிப் போனால் ஒரு கிழமைக்கு அதையே சொல்லிச் சிரிப்பான். வாளியைப் பிடித்தபடி மேலேயே நின்றேன். அவன் இறங்கினான்.

அலை வந்ததை நான் காணவில்லை. பறவைகள் எழும்பியதைத்தான் கண்டேன். தட்டு முழுவதும் வெள்ளையாகி, பிறகு வடிந்தது. பறவைகள் திரும்பி வந்து அதே இடத்தில் இறங்கி இறகை உதறிக்கொண்டன. சூசை நின்ற இடத்தில் ஒருவரும் இல்லை. ஹெலிகொப்டர் இரண்டு நாள் தேடிவிட்டுப் போய்விட்டது.

அதன் பிறகு, படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். என் மகள்தான் வாசித்துச் சொன்னாள்: "அப்பா, கறுப்பு முகம் எண்டா அது ஓப்பன் சீல இருக்கிற பேர்ட். அலை அடிக்கிற பாறையிலதான் நிக்குமாம்."

ஜெசிந்தா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணை, அலை வர முன்னம் ஒண்டும் தெரியேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

அந்தப் பாறைக்கு இப்போது வேலி போட்டுவிட்டார்கள். சூசையின் காரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். கழுவியிருப்பார்கள், வாடையும் போயிருக்கும். ஊர்க் கணக்கை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. இன்று தூணில் நின்ற அந்தப் பறவையின் முகத்தை, வெள்ளை என்று தெரிந்த பிறகும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பொம்பிளை பார்க்க வந்தனியோ என்று கேட்க இப்போது ஒருவரும் இல்லை.