பலகைக்கு அப்பால் நாகூர்

சிங்கப்பூர் தோ பாயோவில் என் அடுக்குமாடி வீட்டுக்குப் போக நேற்று மின்தூக்கிக் கதவு திறந்ததும் நோன்புக் கஞ்சி மணத்தது. வெந்தயமும் ரம்பை இலையும் கலந்த அந்த மணம், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் நாங்கள் ஒண்டியிருந்த, இப்போது இடமே தெரியாமல் போய்விட்ட கடைவீட்டின் மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

அங்கே அறைகளுக்கு எண் கிடையாது, ஊர்ப்பெயர்தான். நாங்கள் தஞ்சாவூர், குழாயடிப் பக்கம் காரைக்குடி, பலகைத் தடுப்புக்கு அப்பால் நாகூர். எங்கள் சாம்பாரும் காரைக்குடியின் மிளகு வறுவலும் பொதுச் சமையலறையின் கரிப்புகையில் ஒன்றாகக் கலந்து மணக்கும். நோன்பு மாதத்தில் மட்டும் மாலையானால் அடுப்பெல்லாம் நாகூர் மாமிக்குத்தான். கஞ்சியில் கறி சேர்ப்பதற்கு முன்பே, சைவக்காரர்களான எங்களுக்கு ஒரு தூக்கு மொண்டு வைத்துவிட்டு, பலகையைத் தட்டுவார்: "தஞ்சாவூரு, வந்து வாங்கிக்கம்மா!"

ஒருநாள் பள்ளியில் ஆசிரியை இந்திய வரைபடத்தை மாட்டி, நாகூர் எங்கே என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு எழுந்தேன்.

"எங்க பக்கத்து ரூம், டீச்சர்."

வகுப்பே சிரித்தது. இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று அன்று மாலை அம்மாவின் மடியில் விழுந்து அழுதேன். பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அழுவாதே புள்ள, நாகூரு இங்கதான் இருக்கு."