மைக் பவுனம்மாள்

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் சேலை எடுத்தவர்கள் யாருக்கும் பவுனம்மாளைத் தெரியாமல் இருக்காது. முகம் மறந்திருக்கலாம், குரல் மறக்காது. சபாபதி ஜவுளிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா வாங்க! பார்க்கறதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க! செகப்பு சுடிதார் தங்கச்சி, எங்க ஓடறே, அம்மாவக் கூட்டிக்கிட்டு உள்ள வா!" என்று ஆரம்பித்தால், எதிர்வரிசை வடைக்கடையில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பதினெட்டு வருஷமாக அதே வாசல், அதே மைக். ஊரில் அவளுக்குப் பெயரே மைக் அக்கா. ஐம்பத்தேழு வயதாகிறது. தீபாவளி நேரத்தில் தொண்டை கட்டிக்கொண்டால் சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்பாளே தவிர, ஒரு நாள் மட்டம் போட்டவள் இல்லை.

அப்பேர்ப்பட்டவள் இந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது லீவு கேட்டாள். முதலாளி சபாபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இந்த நேரத்துலயா? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல பாஸ். கூட்டாளி வந்திருக்கா. நாளைக்கு ராத்திரி ஃப்ளைட் ஏறிடுவா. ஒரே நாள் லா."

அந்தக் கூட்டாளி எவலின். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஷா ஆலமில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இருவருக்கும் ஒரே லைன், பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். ஒருத்திக்கு வயிற்றுவலி என்றால் மற்றவள் இரண்டு பேர் வேலையையும் சேர்த்து முடிப்பாள். எவலின் பிறகு கல்யாணமாகி மெல்போர்ன் போனாள். அங்கே ஐம்பது வயதில் காலேஜில் சேர்ந்து கலை படித்து, கண்காட்சி வைக்கிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டாள். என்ன கண்காட்சி, ஏது கண்காட்சி என்றெல்லாம் பவுனம்மாளுக்குப் புரியாது. பெருமை மட்டும் தாங்காது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் எவலின்தான் ஆரம்பித்து வைத்தாள். "இங்க வீட்டுல எல்லாரும் இங்கிலீஷ், பவுனு. என் தமிழே துருப்பிடிச்சுப் போச்சு. நீ எதையாவது பேசி வாட்ஸாப்புல வாய்ஸ் போடுடி. கேட்டுக்கிட்டே சமைப்பேன்" என்றாள். அன்றிலிருந்து பவுனம்மாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் மேல்மாடி ஸ்டோருக்குப் போவாள். கதவைச் சாத்திக்கொண்டு, சேலைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஃபோனை வாயருகே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவாள். மைக்கில் பேச முடியாததையெல்லாம் அங்கே பேசினாள். முக்கால்வாசி குகனைப் பற்றித்தான்.

குகன் அவளுடைய ஒரே மகன். புருஷன் ராஜன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருத்தன்தான். போர்ட் கிள்ளானில் லோரி அட்டெண்டன்டாக இருந்தான். பழகியவன் ஒருத்தன் ஏற்றச் சொன்ன பெட்டியை ஏற்றினான். பெட்டிக்குள் இருக்கக்கூடாதது இருந்தது. நாலு வருஷம் போட்டுவிட்டார்கள். இப்போது காஜாங் சிறையில் இருக்கிறான்.

ஊரைப் பொறுத்தவரை அவன் கப்பலில் வேலை செய்கிறான். முதல் தடவை பார்க்கப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். "யார்கிட்டயும் சொல்லாதம்மா. வெளியே வந்தா நான் அந்த ஊர்லதானே நடமாடணும்" என்றான். அவள் முருகன் மேல் சத்தியம் செய்து கொடுத்தாள். அதிலிருந்து மாதம் இரண்டு தடவை போகிறாள். ஒவ்வொரு தடவையும் நேரம் முடியப்போகும்போது அவன் கேட்பான்: "யாருக்கும் தெரியாதுல்லம்மா?"

"தெரியாதுடா" என்பாள்.

எவலினுக்குத் தெரியும்தான். ஆனால் எவலினை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? கிள்ளானில் ஒருத்தர் காதில் போட்டால் சாயங்காலத்துக்குள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துவிடும். மெல்போர்னில் சொன்னால் யாருக்குத் தெரியப் போகிறது? மனசில் கிடப்பதை எங்கேயாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அவள் என்ன கல்லா?

எவலின் இந்த முறை வந்து தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஹோட்டல் எடுத்து ஐந்து நாள் தங்கினாள். நாலு நாளும் மீட்டிங், மீட்டிங் என்றாள். "கடைசி நாள் முழுக்க உனக்குத்தான்டி. ஆர்ட் மியூசியம் எல்லாம் பார்க்கப் போறோம். உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. நல்ல சேலையா கட்டிக்கிட்டு வா" என்று வாய்ஸ் போட்டிருந்தாள். பவுனம்மாள் மயில்கழுத்துக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு, டப்பா நிறைய முறுக்கோடு கொம்யூட்டர் ரயில் ஏறினாள். எவலின் பெட்டியை ஹோட்டல் கவுண்டரில் ஒப்படைத்துவிட்டுத் தயாராக நின்றாள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் மிரண்டு போனார்கள்.

முதலில் லேக் கார்டன் பக்கம் இருக்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். சும்மா சொல்லக்கூடாது, துணிகள் வைத்திருந்த பகுதிக்கு வந்ததும் பவுனம்மாள் எவலினுக்கே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். "இது சரிகைடி. பளபளப்பப் பாரு, இதெல்லாம் நூறு துவை துவைச்சாலும் கறுக்காது. இந்த மாதிரி பார்டர் எங்க கடையில கேட்டா முதலாளி மயக்கம் போட்டுடுவாரு!" கண்ணாடிப் பெட்டியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தாள். எவலின் அவளையே ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதில், இவ்வளவு குளுகுளுவென்ற இடத்தில், கூட்டாளியோடு வேலைவெட்டி இல்லாமல் சுற்றுவது பவுனம்மாளுக்கு அதுதான் முதல் தடவை. குகன் வெளியே வந்ததும் அவனையும் இங்கே கூட்டிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டாவது இடத்துக்கு கிராப் டாக்ஸி பிடித்தார்கள். பழைய கிடங்கு ஒன்றை வெள்ளையடித்து மாற்றியிருந்த ஒரு தனியார் அருங்காட்சியகம் அது. வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு எவலினின் பெயர் எழுதியிருந்தது.

"அடிப்பாவி, உன் பேருடி! இதுதான் சர்ப்ரைஸா?" பவுனம்மாள் அந்த எழுத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்று ஃபோட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

"இது இல்லடி. உள்ள வா" என்றாள் எவலின்.

உள்ளே வெளிச்சம் குறைவான ஓர் அறை. நடுவில் கண்ணாடிச் சுவர். அதற்கு முன்னால் வரிசையாக நாலு ஸ்டூல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பிச்சுருள் தொங்கும் கறுப்பு ரிசீவர்.

பவுனம்மாளின் கால் அங்கேயே நின்றுவிட்டது. காஜாங்கில் அவள் உட்காரும் ஸ்டூல் அது. அங்குள்ள ரிசீவரில் யாரோ நகத்தால் சுரண்டி ஓர் இதயம் போட்டிருப்பதை எவலினிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். இங்கேயும் அந்த இதயம் இருந்தது. எவலின் அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, ரிசீவரை எடுத்துக் காதில் கொடுத்தாள்.

"வாங்கக்கா வாங்க! பார்க்கறதுக்கு யாரும் காசு கேக்க மாட்டாங்க!"

அவளுடைய குரலேதான். எவலின் ஒரு தடவை ஆசையாகக் கேட்டாளே என்று விளையாட்டுக்குப் பேசி அனுப்பியது. அதற்குப் பின்னால் அதே குரல், மெதுவாக, மேல்மாடியில் பேசியது.

"எவி, இன்னிக்குப் போய் ... பார்த்தேன்டி. இளைச்சுப் போயிட்டான். சோறு எறங்கல போல. எல்லார்கிட்டயும் கப்பல்ல இருக்கான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். நேத்து கடையில ஒரு அக்கா, இப்ப எந்த நாட்டுலன்னு கேட்டாங்க. பிரேசில்னு சொல்லிட்டேன். பிரேசில் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதடி எவி."

கடைசி வரியைக்கூட எவலின் வெட்டவில்லை. குகன் என்ற பெயர் வந்த இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. சுவரில் மூன்று மொழியில் ஓர் அட்டை மாட்டியிருந்தது. தமிழில், 'குரல்: பெயர் அறியாத ஒரு பெண்' என்று எழுதியிருந்தது.

அடுத்த ஸ்டூலில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் ஒரே ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். மற்றவள், "ஏய், இந்த வாய்ஸ எங்கயோ கேட்டிருக்கேன்டி. கிள்ளான்ல இல்ல? சேலைக் கடை வாசல்ல ஒரு ஆன்டி கத்துவாங்களே?" என்றாள்.

"சொல்லுடி, எப்படி இருக்கு?" என்றாள் எவலின், சிரித்த முகமாக.

பவுனம்மாள் வாயைத் திறந்தாள், உடனே மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். கத்த வேண்டும், அந்த ரிசீவரைப் பிய்த்து எறிய வேண்டும், பேச முடியவில்லை. குரலை வைத்துப் பிழைத்தவள் ஊமைபோல் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது.

"எனக்குத் தெரியும், நீ அழுவேன்னு" என்று எவலின் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

பவுனம்மாள் எழுந்து விடுவிடுவென்று வெளியே நடந்தாள். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டி, ஆள் இல்லாத சுவரோரம் போய்த்தான் வாயைத் திறந்தாள்.

"என்னடி செஞ்சு வச்சிருக்கே?"

"ஏன் பவுனு, பிடிக்கலயா? நாலு நாளா எத்தனை பேர் கேட்டு அழறாங்க தெரியுமா? உன் பேரு, அவன் பேரு எல்லாம் எடுத்துட்டேன் லா. யாருக்கும் தெரியாது."

"பேர எடுத்தே. குரல என்னடி செஞ்சே? என் மூஞ்சியே அதுதானேடி! உள்ள ஒரு பொண்ணு கிள்ளான்னு சொல்லியாச்சு. நாளைக்கு அது கடை வாசல்ல வந்து நின்னா நான் என்னடி சொல்வேன்?"

எவலினின் முகம் அப்போதுதான் மாறியது. "அந்த மைக் பேச்சப் போட்டிருக்கக் கூடாது. யோசிக்கல" என்றாள்.

"நிறுத்தச் சொல்லு. இப்பவே உள்ள போய் நிறுத்தச் சொல்லு."

"மாசக் கடைசி வரைக்கும்னு சைன் பண்ணிட்டேன், பவுனு. நான் ஊருக்குப் போய் ஈமெயில் போட்டுப் பேசிப் பார்க்கறேன்."

"என்னைக் கேக்கணும்னு உனக்குத் தோணவே இல்லயா?"

"நீதானேடி அனுப்பினே?"

"உனக்கு அனுப்பினேன்!"

எவலின் ஃபோனில் கிராப் கூப்பிட்டாள். அது வந்து நின்றது. விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவள் கட்டிப்பிடிக்க வந்தாள். பவுனம்மாள் கையைத் தூக்கவில்லை. காலையில் கொடுத்திருந்த முறுக்கு டப்பாவை மட்டும் அவளிடமிருந்து பறித்துக்கொண்டாள். பெற்ற தாயைவிட நம்பியவளை இப்படி நம்பவைத்துக் கழுத்தறுத்தாளே பாவி என்று கிள்ளான் வரைக்கும் ரயிலில் புலம்பிக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டு மலாய்க்காரப் பெண் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மைக்கைப் பிடித்தாள். வேலையாயிற்றே. பத்து மணிக்கு வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து, "என்னக்கா, பையன் இப்ப எந்த நாட்டுல?" என்று கேட்டாள். எப்போதும் கேட்கிறவள்தான். தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? பவுனம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு முழுக்க யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே இருந்தது. எவலினிடமிருந்து ஏழு வாய்ஸ் வந்திருந்தது. ஒன்றையும் கேட்காமல் அழித்தாள்.

வேறு யாராவது போய் அவன் காதில் போடுவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது என்று அந்த வாரம் முடிவு செய்தாள். முறை வரும் நாளில் காஜாங் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்து ரிசீவரை எடுத்தாள். சுரண்டிய இதயம் கையில் தட்டுப்பட்டது. குகன் கொஞ்சம் சதை போட்டிருந்தான், முகம் தெளிவாக இருந்தது. கடைசியில் அவன் கேட்கும் கேள்விக்கு அவள் காத்திருக்கவில்லை.

"குகா, வெளியே தெரிஞ்சு போச்சுடா. நான்தான் சொன்னேன்."

எவலின், வாய்ஸ், அந்த அறை, அந்தப் பெண்கள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எனக்கு இருந்தது நீ ஒருத்திதானேம்மா" என்றான். ரிசீவரை மாட்டிவிட்டு எழுந்தான்.

இன்னும் இருபது நிமிஷம் மீதி இருந்தது. அவள் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "குகா, டேய் குகா" என்றாள். பிறகு அதைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, கடை வாசலில் கூப்பிடும் அந்தக் குரலில், தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பக்கத்து ஸ்டூல்களில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவன் திரும்பவில்லை.