கெம்பக்கா நிறுத்தி வைத்த பஸ்

கெம்பக்கா போய்விட்டது.

விடியும்போது அதன் மகன் மாதேஷ் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "சின்னம்மா... அம்மாவ எழுப்பினேன், எந்திரிக்கல."

ஊருக்குக் கொண்டு வரவில்லையாம். இங்கே அவர்களுக்கு இப்போது வீடு இல்லை. மதியத்துக்குள் அங்கேயே எடுத்துவிடுவார்களாம்.

நானும் கூட வேலை செய்கிற ராஜம்மாவும் பாலக்கோட்டில் பஸ் ஏறிவிட்டோம். அக்காவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்... அவ்வளவுதான்.

பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே ஒரே பனி. டிரைவர் லைட் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டுகிறார். வேகமாகப் போங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

புளி தட்டுகிற கொட்டகையில் எனக்குப் பக்கத்து இடம் கெம்பக்காவுக்கு. பிறந்தது கர்நாடகா பார்டரில். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், சண்டை என்றால் இரண்டும்.

இதே மாதிரி ஒரு மார்கழியில், இதே ரோட்டில்தான் கொட்டகைப் பெண்கள் எல்லோரும் பெங்களூர் பார்க்கப் போனோம். புளி சீசன் வந்துவிட்டால் தலை நிமிர முடியாது என்று, அதற்கு முன்னாடியே ஒரு டூரிஸ்ட் பஸ் பேசினோம்.

அப்போது என் வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் யாரும் கேட்கவில்லை. நாலு பேர் சந்தோஷமாகக் கிளம்பும்போது நான் எதிரே வந்து நிற்கக் கூடாது... எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பஸ் கிளம்புகிற வரை வெளியே தலை காட்டக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ஹாரன் கேட்டது. வண்டி நகர்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ராஜம்மா வந்து கதவைத் தட்டினாள். "ஏ செல்வி, வெளிய வாடி. உங்கக்கா பஸ்ஸுக்கு முன்னாடி குந்திகிச்சி. எந்திரிக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தால், சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், ரோட்டிலேயே, சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார். "எந்திரிம்மா... ஓசூர்ல டிராபிக் ஆயிரும்."

"ஆவட்டும். செல்வி ஏறாம வண்டி உருளாது."

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். "அவளே வரலன்னா உடேன். கெளம்பற நேரத்துல எதுக்கு..."

அக்கா உட்கார்ந்தபடியே திரும்பியது. "எதுக்குன்னு முழுசா சொல்லு. நானுந்தான் தாலி அறுத்தவ. இவ்ளோ நேரமா வண்டிக்கு எதுருலதான் குந்தியிருக்கறேன். சக்கரம் என்ன கழண்டா உழுந்துச்சி?"

முணுமுணுத்தவர்கள் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள்.

அக்கா என் கையைப் பிடித்துத்தான் எழுந்தது. டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் என்னை உட்கார வைத்தது. "ரோடு நல்லா தெரியும். நிமுந்து பாரு."

பார்த்தேன்.

சட்டசபை நடக்கிற விதான சௌதாவுக்கு முன்னால் இறங்கி, கம்பிக்கு வெளியே நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். அக்கா நேராகப் போய் அங்கே நின்ற போலீஸ்காரரிடம் கன்னடத்தில் என்னமோ கேட்டது. அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"என்னக்கா கேட்ட?"

"இவ்ளோ பெரிய வூட்ட யாருப்பா கூட்டறதுன்னு கேட்டேன். பதில் தெரியல அவனுக்கு."

அப்புறம் லால்பாக் தோட்டம். கண்ணாடி மாளிகை பார்த்தோம், பூ பார்த்தோம். ஒரு புளிய மரத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. கீழே பழம் உதிர்ந்து கிடந்தது. யார் முதலில் உட்கார்ந்தது என்று தெரியவில்லை... கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஓடு வேறு, நார் வேறு, கொட்டை வேறு என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஊர் பார்க்க வந்ததே ஞாபகம் இல்லை.

வாட்ச்மேன் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கா உரித்த ஒரு சுளையை அவர் கையில் வைத்தது. "கோவிச்சுக்காத சாமி, கை சும்மா இருக்க மாட்டேங்குது."

நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பயங்கரக் குளிர். அக்கா தன் சால்வையை எடுத்து என் தலையோடு போர்த்தியது. "அழுவறதுன்னா உள்ளயே அழுவு. குளுருக்குப் போத்தியிருக்கறான்னு நெனச்சிக்குவாங்க."

இப்போது என்னிடம் சால்வை இல்லை. பஸ்ஸில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

மகனோடு பெங்களூர் போன பிறகும் அக்கா வாரா வாரம் போன் செய்யும். போன வாரம்கூட, "மாதேசு என்னை லால்பாக் கூட்டிட்டுப் போனான்டி. நம்ம மரம் நல்லா காச்சிருக்குது" என்றது. தைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

ராயக்கோட்டை தாண்டும்போது மாதேஷ் திரும்பவும் கூப்பிட்டான். "எங்க வறீங்க சின்னம்மா? அம்மாவ ஏத்தற வண்டி வந்து நிக்குது. பெரியவங்க நேரமாவுதுன்னு சத்தம் போடறாங்க."

"பனிடா தங்கம்... பஸ்ஸு போவவே மாட்டேங்குது" என்றேன்.

அவன் அழுதுகொண்டே சொன்னான். "அம்மா அந்தக் கதைய எத்தினி வாட்டி சொல்லியிருக்குது... நீங்க வாங்க சின்னம்மா. நான் போயி வண்டிக்கு முன்னாடி குந்திக்கறேன்."

ஓசூர் வந்துவிட்டது. பனி இன்னும் விடவில்லை.

முதல் சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறேன்.

இன்னும் கொஞ்ச நேரம் இரு.