மகளின் தெருவுக்கு வரவிருந்த ஐதரசன்

பின்னேரம் மூன்று இருபதுக்கு, அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்ய எழும்பியபோது, இங்கிலாந்திலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். அங்கே காலை. மருமகன் வேலைக்குப் போய்விட்டார். இரண்டு மாதப் பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வாப்பா, எங்கட வீட்டுக்குக் குழாயில வாற எரிவாயுவில ஐதரசனும் கொஞ்சம் கலக்கிறாங்களாம். மெசேஜ் வந்திருக்கு," என்றாள், மழை பெய்வதைச் சொல்வதுபோல.

நான் கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிப்பவன். ஐதரசன் என்றதும், பரிசோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைப் பிடித்தால் வரும் 'பொப்' என்ற சத்தம் காதில் கேட்டது. கூடவே இன்னொரு சத்தமும். சில வருடங்களுக்கு முன், சமையல் எரிவாயுச் சிலிண்டருக்குள் இருக்கும் கலவையை மாற்றிவிட்டார்கள் என்று நாடே கதைத்த மாதங்களில், எங்கள் அடுப்பின் கண்ணாடித் தட்டு வெடித்தது. மனைவியின் கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு எங்கள் வீட்டில் புதுச் சிலிண்டர் மாட்டினால், ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை பூசிப் பார்க்காமல் அடுப்பை மூட்டுவதில்லை. குமிழி எழும்பினால் கசிவு.

மகளையும் அப்படியே செய்யச் சொன்னேன்.

"புள்ளைய வெருட்டாம இரிங்க," என்றாள் மனைவி பின்னாலிருந்து. "வகுப்பில பிள்ளைகள் கேக்கிறல்ல எண்டு இப்ப இங்கிலாந்துக்கும் பாடமா?"

மகள் சிரித்துக்கொண்டே பேரனைத் தொட்டிலில் கிடத்தினாள். கோப்பை கழுவும் திரவத்தைக் கரைத்து, அடுப்புக்குப் பின்னால் குழாய் பொருந்தும் இடத்தில் பூசினாள். ஒரு குமிழி மெல்ல ஊதிப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது.

அவள் சிரிப்பு நின்றது. "வாப்பா, என்ன செய்ய?"

"மெயின் டெப்பை மூடு. ஜன்னலைத் திற. சுவிட்ச் ஒண்டையும் தொடாத. புள்ளையத் தூக்கிட்டு வெளியில போய் கேஸ் கம்பனிக்குக் கோல் எடு."

திரை இருண்டது. எரிவாயு இல்லையென்றால் அந்த வீட்டில் சூடும் இல்லை, வெளியே உறைபனி. குழந்தையைக் குளிரில் நிற்க வைத்தது நான்தான். தொழுதேன், எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. மனைவி பகிடி விடுவதை நிறுத்தி, போனைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். இப்போதும் அந்த நேரத்தில் போன் அடித்தால் என்னால் உடனே எடுக்க முடிவதில்லை.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குச் சற்று முன் மகள் மறுபடி வந்தாள். பேரன் போர்வைக்குள் இருந்தான், மூக்கு மட்டும் சிவந்திருந்தது. எரிவாயுக் கம்பனியிலிருந்து வந்திருந்த பெண் பின்னால் குனிந்து குழாயை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஐதரசனாலதானா எண்டு கேளு," என்றேன்.

மகள் கேட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து, என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். மகள் அதைத் தமிழில் சொன்னாள்:

"இது பழைய கசிவாம் வாப்பா, கன நாளா இருந்திருக்குமாம். ஐதரசன் எங்கட தெருவுக்கு அடுத்த கிழமைதான் வருமாம்."