ஏழாவது கிராம்பு

கிரேக்கத்தின் கடலோர ஊரான பழைய எபிதாவ்ரோஸில் யாருக்காவது கண் பட்டுவிட்டால் மருத்துவரிடம் போவதற்கு முன்னால் பொலிக்சேனியிடம்தான் போவார்கள். அந்த மந்திரம் மாமனார் கொடுத்தது. ஆண் பெண்ணுக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுக்கலாம், பெண் ஆணுக்குத்தான். மாறி மாறி வந்தால்தான் பலிக்கும். கல்யாணமான வருடம் வாங்கிக்கொண்டாள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. படகுக்காரர்கள், மணப்பெண்கள், கைக்குழந்தைகள், ஒருமுறை ஒரு கழுதை. அவள் கைபட்டு எழுந்திருக்காதவர் கிடையாது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் கண்டிப்பார். திங்கட்கிழமை தலைவலியோடு வந்து நிற்பார்.

"அவளுக்குப் பொறாமைன்னா என்னன்னே தெரியாது. அதான் கை அவ்வளவு சுத்தம்" என்று ஊரே சொல்லும்.

பச்சைப் பொய். ஆறு வருடமாக எதிர்வீட்டு அக்ளாயாவைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள்கூட அதை முகத்தில் காட்டியதில்லை. காட்டினால் அந்தப் பேர் என்ன ஆவது?

இருவரும் வாடகைக்கு அறை விடுகிறவர்கள். பொலிக்சேனியின் மூன்று அறைகளும் கடலைப் பார்த்தவை. விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. வருகிறவர்களுக்கு வாசலிலேயே நாரத்தங்காய்ப் பாகும் குளிர்ந்த தண்ணீரும் கொடுப்பாள். அக்ளாயாவின் அறைகளில் குழாய் ஒழுகும். ஆனால் அவளிடம் ஒரு வேன் இருந்தது. காலையில் விருந்தாளிகளைப் பழங்கால மிக்கீனெஸ் கோட்டைக்கு ஏற்றிப் போவாள், சாயங்காலம் கீழே குண்டூசி விழுந்தாலும் மேல்படிவரை கேட்கிற பழைய பெரிய நாடக அரங்கத்துக்கு. அங்கே அவர்களை மேல்படிக்கு ஏற்றிவிட்டு, கீழே நடுவில் நின்று தீக்குச்சி கிழித்து, "கேக்குதா?" என்று கூவுவாள்.

போதாக்குறைக்கு எலுமிச்சை நடக் குழி தோண்டியபோது பழங்காலத்துப் பாதித் தூண் ஒன்று கிடைத்தது அவளுக்கு. தொல்லியல்காரர்கள் வந்து படம் எடுத்து, எண் எழுதி, நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எதற்கு நகர்த்தப் போகிறாள்? பக்கத்தில் விருந்தாளிகளுக்கு ஒரு மேஜையைப் போட்டுவிட்டாள். பொலிக்சேனியும் தன் தோட்டத்தில் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்தாள். கழிவுநீர்க் குழாய்தான் அகப்பட்டது.

இந்தக் கோடையில் லூசியனும் ஒடீலும், ஒன்பது வருடமாகப் பொலிக்சேனியிடமே தங்கிய பிரெஞ்சுத் தம்பதி, எதிர்வீட்டு வாசலில் பெட்டியை இறக்கினார்கள். மறுநாள் காலை தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு பொலிக்சேனி சிரித்த முகத்தோடு அக்ளாயாவிடம் போனாள்.

"உன் முற்றம் எவ்வளவு அழகா இருக்குடி!" என்றாள்.

எதையாவது புகழ்ந்தால் கையோடு 'து து து' என்று துப்ப வேண்டும், இல்லையென்றால் கண் பட்டுவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பொலிக்சேனி துப்பவில்லை. மறந்துபோச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒடீல் தன் ஓட்டைக் கிரேக்கத்தோடு ஓடி வந்தாள். "அக்ளாயா தலை தூக்க முடியலை. உங்களைக் கூப்பிடுறா. அவளுக்குச் சரியாகலைன்னா நாளைக்கு நாங்க உங்ககிட்ட வரலாமா? பழைய அறை?"

பொலிக்சேனிக்கு உள்ளே என்னவோ துள்ளியது. அதை அடக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

அக்ளாயா ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பொலிக்சேனி தண்ணீர்க் கிண்ணத்தில் ஆலிவ் எண்ணெயைச் சொட்டினாள். முழுசாக மிதக்க வேண்டிய சொட்டு பரவி, கரைந்து, காணாமலே போயிற்று. பொலிக்சேனிக்குக் கொட்டாவி கொட்டாவியாக வந்து கண்ணில் நீர் முட்டியது. கெட்ட கண்தான். மூன்று தடவை மந்திரம் சொல்லியும் வலி இறங்கவில்லை.

"யார் கண்ணுன்னு தெரியாம இது போகாது அக்கா. கிராம்பைக் கொளுத்து" என்று அக்ளாயா முனகினாள்.

கிராம்பை ஊசியில் குத்தி, மெழுகுவர்த்தியில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் சொல்ல வேண்டும். எந்தப் பேருக்கு வெடிக்கிறதோ அவள்தான்.

"பேக்கரிக்காரி. என் வேன் மேல அவளுக்கு எப்பவுமே ஒரு கண்ணு."

கிராம்பு சத்தமில்லாமல் கருகியது.

"என் நாத்தனார். இது நிச்சயம் வெடிக்கும் பாரு."

வெடிக்கவில்லை. ஆறு பேர் ஆயிற்று, ஆறும் கருகின.

"இதுக்கு மேல எனக்கு யாரும் தோணலை. விடு அக்கா, வெயிலாத்தான் இருக்கும்."

விட்டிருக்கலாம். விட்டிருந்தால் விடிந்ததும் ஒடீல் பெட்டியோடு வந்திருப்பாள். ஆனால் முப்பத்தாறு வருடத்தில் ஒருத்தர்கூட அவள் கையிலிருந்து குணமாகாமல் போனதில்லை. அந்தக் கை இவளிடமா தோற்பது? அதுவும் இவளிடமா?

ஏழாவது கிராம்பை எடுத்தாள். மெல்லிய குரலில் சொன்னாள். "பொலிக்சேனி."

பட்டென்று வெடித்தது.

அக்ளாயா நெற்றித் துணியை உருவிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "நீயா?"

பொலிக்சேனி ஊசியைக் கீழே வைத்தாள். அடுத்து வசவு வரும் என்று காத்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"வேனுக்கா, தூணுக்கா?"

"எல்லாத்துக்கும்தான்டி. போதுமா?"

"போதாது. இன்னும் சொல்லு!" அக்ளாயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஆசைப்பட்டுத்தானா நான் அந்த மலையெல்லாம் ஏறுறேன்? முட்டி வலி உயிர் போகுது. தினமும் வேனை எடுக்கும்போது உன் ஜன்னலைத்தான் பார்ப்பேன். ஒரு தடவையாவது மூஞ்சியைச் சுளிக்க மாட்டாளான்னு. நீ பாட்டுக்கு மகாராணி மாதிரி விரிப்பை உதறிக்கிட்டு நிப்பே. உன் கண்ணுக்கு நான் ஒரு பொருட்டே இல்லைன்னு நெனச்சேன்!"

கால் மணி நேரத்தில் அக்ளாயா தலைவலி போன இடம் தெரியாமல் முகம் கழுவி, உதட்டுச் சாயம் பூசி, வேனில் ஏறி ஹாரனை அடித்தாள். "ஒடீல்! லூசியன்! கிளம்புங்க! பொலிக்சேனிக்கு என்மேல பொறாமையாம்!" துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

பொலிக்சேனி எண்ணெய்க் கிண்ணத்தோடு தெருவில் நின்றாள். வயிறு முன்னைவிட எரிந்தது. அக்ளாயாவுக்குக் கிடைக்காமல் இருந்தது இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், பொலிக்சேனியின் பொறாமை. அதையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.